மச்சக்காரன் படங்களும் உன் மகளின் கையும்

அன்றைக்குச் சேலத்துக் கொட்டகையில் யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருவரும் நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூடாது. நீ இருந்தாய். உன் பெண்டாட்டி காமாட்சி இருந்தாள். அவள் அண்ணன் முத்துசாமி, டிக்கெட் எடுத்தவர் என்ற தோரணையில், நடு நாற்காலியில் இருந்தார். உன் மடியில் உன் மகள் சரசு, கையில் முறுக்கு. ஓரத்தில் நான், காலைத் தொங்கப்போட்டுப் பழக்கமில்லாததால் நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொண்டு. நமக்கு முன்வரிசையில் மூக்குப்பொடி போடுகிற ஒரு ஆள். பேர் தெரியாது. ஆனால் அந்தப் பிடரியை எந்தச் சந்தையில் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். நம் கணக்கில் இத்தனை பேர்தான். உங்கப்பன் போய்ச் சேர்ந்து வருசங்கள் ஆகிவிட்டன. உன் பெரியப்பன் நாச்சிமுத்து ராசிபுரத்தில் படுக்கையில் கிடக்கிறார். அதனால் அவர்கள் வரவில்லை.

நடந்தது இதுதான். படம் பார்த்து வந்த மறுநாள் காலை, நீ உன் துண்டின் ஓரத்தைக் கிழித்து, சரசுவின் நொட்டாங்கையை அவள் இடுப்போடு சேர்த்துக் கட்டினாய். "இனிமே எல்லாஞ் சோத்தாங்கைலதான். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு அடிக்கறதுக்கு முன்னால ஊட்டுலயே திருத்திப்போடோணும்" என்றாய். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பழக்கமில்லாத கையால் இட்லியை எடுத்து மூக்கில் இடித்துக்கொண்ட பிறகு சிரிப்பு நின்றது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா என்று நீ முத்துசாமியிடம் சொன்னாயாம். கோபமாக இருந்தால் நின்று சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சண்டை போடத் தெரியாதா? கோபம் இல்லை, குழப்பம். இப்போது காமாட்சி சொல்லியனுப்பியிருக்கிறாள், குழந்தை பேச்சைக் குறைத்துவிட்டதாம், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிறதாம். அதைக் கேட்ட பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ சிலேட்டில் எழுதிப் பழகியபோது பக்கத்தில் உட்கார்ந்து பழகியதுதான் என் படிப்பு முழுவதும்.

அந்த மச்சக்காரனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அவனால்தான், அல்லது அவனால் இல்லை, எனக்கே தெரியவில்லை. நீ சின்னவனாக இருந்தபோது வெண்ணந்தூர் ஏரிக்கரையோரம் கூடாரம் போட்டுப் படம் காட்டினார்களே, பேசாத படம், அந்த நாளிலிருந்து அவனை எனக்குத் தெரியும். அவன் எடுத்த படம் என்றால் முதலில் தலைப்பாகை கட்டிய ஒரு முகம் வந்து நம்மைக் கும்பிடும். வலக் கன்னத்தில் மிளகு பருமன் மச்சம். படுதாவுக்குப் பக்கத்தில் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கதை சொல்லுகிற ஆள், "இவரே இப்படத்தின் டைரக்டர்!" என்று கத்துவான். நம் தெருவில் ஒருவர் நாக்கிலும் அந்த வார்த்தை நிற்கவில்லை. மச்சக்காரன் படம் வந்திருக்கிறது என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கும்.

கூடாரக்காரனுக்கு அந்தப் படுதாவை நெய்து கொடுத்தது உங்கப்பன். மூன்று அகலமாக நெய்து சேர்த்துத் தைத்த காடாத் துணி. அதற்காக நம் தெருக்காரர்களைப் படுதாவின் பின்பக்கம் மணலில் சும்மா உட்காரவிட்டான். துணி காய்ந்து கிடந்தால் பின்பக்கம் உருவம் மங்கலாகத் தெரியும் என்று ஆட்டம் தொடங்கும் முன் நாமே குடத்துத் தண்ணீரை வாரி அடித்து நனைப்போம். உனக்கு அது நினைவிருக்கும், நீதான் முதல் சொம்பு ஊற்றுவாய். காசு கொடுத்தவர்கள் முன்னால், கொடுக்காத நாம் பின்னால் என்று பக்கத்துத் தறிக்காரி பூவாயி ஒருநாள் முகத்தைச் சுளித்தாள். உங்கப்பன் சிரித்தார். "அட கிறுக்குகளா, தறில சேலையோட நல்ல மொகம் எந்தப் பக்கம் இருக்கும்? நெய்யறவன் பாக்காத பக்கம், கீழ்ப் பக்கம். படங் காட்டற மிசினு அந்தாண்ட நின்னு நெய்யுது. அப்ப நல்ல மொகம் நம்ம பக்கந்தான?" என்றார். ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்து நம் தெருவே சிரித்தது. பாவம், காசையும் கொடுத்துப் பின்முகத்தைப் பார்க்கிறார்கள் என்று. படத்தில் எழுத்து வரும்போது சிலேட்டில் பார்த்த எழுத்து ஒன்றுகூட அதில் இருக்காது. வடக்கத்தி எழுத்து என்று பூவாயி தீர்ப்புச் சொன்னாள். அதையும் நம்பினோம்.

அந்தச் சமயத்தில்தான் உன் பெரியப்பன் உன் நொட்டாங்கையைக் கட்டத் தொடங்கியிருந்தார். பாவுநூலை நாலாக மடித்துக் கட்டுவார், அது சதையில் பதியும். நான் அவிழ்ப்பேன், அவர் கட்டுவார், பகலெல்லாம் இதே வேலை. கட்டிய சில நாளில் உன் வாய் கட்டிக்கொண்டது. 'அம்மா' என்று கூப்பிட 'அ' என்று ஆரம்பித்து அதிலேயே நிற்பாய், கழுத்து நரம்பு புடைக்கும். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டாய். என் முந்தானையைப் பிடித்து இழுப்பாய். வாயும் கையும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருக்கிறதோ என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். யாரிடம் கேட்பது? கூடாரத்துக்கு உன்னைக் கூட்டிப் போனது படம் பார்க்க அல்ல. உன் பெரியப்பன் அங்கே வந்து கட்ட மாட்டார் என்பதற்காக.

முதலில் வந்தது குதிரைப் படம். அதற்கு வேறு பேர் இருக்கும், நாம் அப்படித்தான் சொன்னோம். மந்திரி ராச்சியத்தைப் பிடுங்கிக்கொண்டு ராணியைச் சிறையில் போடுகிறான். ராசகுமாரன் காட்டுக்கு ஓடி, கொள்ளைக்காரர்களோடு சேர்ந்து, குதிரையேறித் திரும்பி வந்து மந்திரியை வெட்டுகிறான். குதிரை மிக நன்றாக நடித்தது. ராசகுமாரன் அந்தக் குதிரையைத் தடவிக்கொடுத்ததில் பாதிகூடப் பெற்றவளைத் தடவிக்கொடுக்கவில்லை. அவள் இருட்டில் கிடக்கிறாள், இவன் ஆற்றங்கரையில் ஒருத்தியோடு பூப்பறிக்கிறான். அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் நீ பார்த்தது வேறு. ராசகுமாரன் வாளை உருவியதும் நீ எழுந்து நின்றுவிட்டாய். நொட்டாங்கையால் உருவினான். நொட்டாங்கையால் சுழற்றினான். கொள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் நொட்டாங்கையால் வெட்டினார்கள். நீ என் முந்தானையை இழுத்து, உன் கையைக் காட்டி, பிறகு படுதாவைக் காட்டினாய். "ஆமாஞ் சாமி, உன்னாட்டவே" என்றேன். வேறு என்ன சொல்வது, கண்ணால் பார்ப்பது அதுதானே.

அடுத்தது கப்பல் படம். கடலை நான் பார்த்ததில்லை, நம் ஏரியில் கோடைக்குப் பாதி தரை தெரியும், அதனால் அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் யார் பாசனத்துக்கு என்று பூவாயி கேட்டாள். கப்பல் உடைகிறது, அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். அண்ணன் ஒரு தீவில் முத்துக் குளித்துப் பெரிய ஆளாகித் தங்கையைத் தேடுகிறான். நடுவில் படம் அறுந்து போய் வெகுநேரம் வெறும் துணி தெரிந்தது. தகரக் குழாய்க்காரன் சும்மா இருக்காமல், தங்கையை மீன் விழுங்கியது, வயிற்றுக்குள் அவள் விளக்கேற்றிக் கும்பிட்டாள் என்று அவன்பாட்டுக்கு அளந்தான். படம் திரும்ப ஓடியபோது அவள் ஒரு வியாபாரி வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். பாதிப் படம் மச்சக்காரன் எடுத்தது, பாதி குழாய்க்காரன் எடுத்தது. எது யாருடையது என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. படம் சுமார்தான். தங்கையைக் கண்டுபிடித்ததும் அண்ணன் தன் கையால் அவளுக்குச் சோறு ஊட்டுகிறான், நொட்டாங்கையால். நீ அன்று வீட்டுக்கு வரும் வழியில் கையைக் குவித்துக் குவித்துப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

மூன்றாவது மருமகள் படம். இதில் குதிரையும் இல்லை, வாளும் இல்லை, ஆரம்பத்திலிருந்து அழுகை. மருமகள்மேல் மாமியார் பழி போடுகிறாள், மருமகள் கிணற்றங்கரை வரை போகிறாள், புருசன் கடைசி நேரத்தில் வந்து தடுக்கிறான். மாமியார் செய்தது தப்பு என்று படம் சொல்லுகிறது. அவள் பக்கத்து நியாயத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரைமணி நேரம் குறைந்திருக்கும். நம் பக்கத்தில் அன்று பெரிய ரகளை. மருமகள் முந்தானையை வலத்தோளில் போட்டிருந்தாள். "இதென்ன கூத்து, எந்தூரு வழக்கமடி?" என்றாள் பூவாயி. "பட்டணத்துல இப்பிடித்தான் போல" என்றாள் இன்னொருத்தி. மறுநாள் நம் தெருவில் இரண்டு குமரிகள் முந்தானையை வலத்தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போய், திரும்பி வந்து அடி வாங்கினார்கள். புருசன்காரன் பெண்டாட்டிக்கு விபூதி பூசினான், அதுவும் நொட்டாங்கையால். விபூதியையா, என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உங்கப்பன் மட்டும், மச்சக்காரன் விவரமில்லாமலா எடுத்திருப்பான் என்றார். அந்த ஒரு பேச்சுக்கு நீ அவர் முகத்தை அப்படிப் பார்த்தாய்.

நாலாவதுதான் சாமியார் படம். அதைத்தான் நீ உன் ஆயுசில் மறக்கமாட்டாய். ஒரு ஜமீன் வீட்டில் ஒவ்வொருவராக விஷம் குடித்துச் சாகிறார்கள். விஷம் வைக்கிறவன் யார் என்று தெரியவில்லை, கறுப்புப் போர்வைக்குள் ஒரு கை மட்டும் வந்து பாலில் எதையோ கலக்கும். வீட்டில் சந்தேகப்பட நிறையப் பேர், கணக்குப்பிள்ளை, வைத்தியர், விதவைத் தங்கை. ஊருக்கு ஒரு சாமியார் வருகிறார், தாடி, கமண்டலம், கண்ணை மூடினால் திறப்பதில்லை. பெண்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டோம். ஜமீன்தார் காலில் விழுகிறார். சாமியாருக்குப் பழம் கொடுக்கிறார்கள், சாமியார் கையை நீட்டி வாங்குகிறார். அப்போது நீ கத்தினாய். "அவந்தான்! அவந்தான் வெசம் வெச்சவன்! அவஞ் சோத்தாங்கைக்காரன்!" என்றாய். ஒரு எழுத்து தடுக்கவில்லை. முழுசாக, கூடாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி. நான் படத்தை விட்டுவிட்டு உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சும்மா இருடா, சாமியாரப் போயி" என்று பூவாயி உன் தலையில் தட்டினாள். கடைசியில் தாடியைப் பிடுங்கினால் அவன்தான். அந்தப் படத்தில் அத்தனை நல்லவர்களும் நொட்டாங்கையால் தின்றார்கள், குடித்தார்கள், கும்பிட்டு விளக்கேற்றினார்கள். அவன் ஒருவன்தான் சோத்தாங்கை. அதை நம் பக்கத்தில் கண்டுபிடித்தவன் நீ ஒருவன். "என்னா அறிவு சாமி உனக்கு!" என்று பூவாயியே உன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அதற்குப் பிறகு உன் வாய் நிற்கவில்லை. உன் பெரியப்பன் கட்டவந்தால், "மச்சக்காரங்கிட்டப் போயிக் கேளுங்க, எந்தக் கை நல்ல கையின்னு" என்று சத்தம் போட்டுச் சொல்லுவாய். அவர் அலுத்துப்போய் விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் எழுத மட்டும் சோத்தாங்கை, மற்றதற்கெல்லாம் உன் கை. சாமியார் படம் நல்ல படமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பேய்ப் படம் மாதிரி பயமாக இருந்தது, விதவைத் தங்கையை எதற்காகக் கொன்றான் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் என் மகனை எனக்குத் திருப்பிக் கொடுத்த படம். நான் அந்த மச்சக்காரனுக்காக வருசா வருசம் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அது தெரியாது.

இப்போது சேலத்துக் கொட்டகைக்கு வருகிறேன். மச்சக்காரன் பேசும் படம் எடுத்திருக்கிறான் என்று நீதானே ஆசையாகக் கூட்டிப் போனாய். சரசுவுக்கும் காட்ட வேண்டும் என்றாய். விளக்கை அணைத்தார்கள், முகம் வந்து கும்பிட்டது, மச்சம் இடக் கன்னத்தில் இருந்தது. நான் வாய்விட்டே சொன்னேன், "இவன் அவனில்ல. அவனுக்கு வலக் கன்னம்." பின்னால் யாரோ சிரித்தார்கள். முத்துசாமி என் பக்கம் சாய்ந்து, "அத்தை, சித்த மெதுவாப் பேசுங்க" என்றார். "இவன் தம்பியா இருப்பானுங்களா?" என்று நான் விடவில்லை. "அவரேதானுங்க. நீங்க அந்தக் காலத்துல படுதாவுக்குப் பொறத்தால உக்காந்து பாத்திருப்பீங்க. அங்கிருந்து பாத்தா கண்ணாடில பாக்கறாப்புல எல்லாம் பக்கம் மாறித் தெரியுமுங்க. எடது வலதாத் தெரியும், வலது எடதாத் தெரியும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டேன். அது மண்டையில் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நீ எத்தனையோ படம் முன்பக்கம் உட்கார்ந்து பார்த்தவன், எல்லோரும் சோத்தாங்கையால்தான் வாள் பிடிப்பார்கள் என்பது உனக்கு முன்னமே தெரிந்திருக்கும். ஆனால் மச்சக்காரன் படத்தை நீயும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக முன்பக்கமிருந்து பார்த்தாய். இல்லையா?

அந்தப் படத்தின் கதை: தொலைந்துபோன வாரிசு நான்தான் என்று ஒருவன் வருகிறான். ஊரே நம்புகிறது. அவன் நல்லவன் மாதிரிப் பேசுகிறான், பாடவும் பாடுகிறான், பாட்டு ஒன்றும் காதில் நிற்கவில்லை. பாலை எடுக்கும்போது அவன் கையை மட்டும் பெரிதாகக் காட்டினார்கள். நொட்டாங்கை. சபையில் கதாநாயகன் எழுந்து, "இவன் கையைப் பாருங்கள். நல்ல குடியில் பிறந்த எவனாவது இந்தக் கையால் வாங்குவானா?" என்று கேட்டான். கொட்டகை முழுக்கக் கைதட்டு. சரசுவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. முறுக்குக் கையை உயரத் தூக்கி, "அப்பா, அந்த மாமா என்னாட்டமே!" என்று கத்தினாள். முன்வரிசை மூக்குப்பொடி திரும்பி, "அப்ப நீயுந் திருடிதாம் பாப்பா!" என்றான். அந்த வரிசையே சிரித்தது. முத்துசாமியும் சிரித்தார். காமாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரித்தாளா இல்லையா தெரியவில்லை, இருட்டு. நான் உன்னைப் பார்த்தேன். உன் நொட்டாங்கை மெல்ல உன் தொடைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. இவ்வளவு பெரிய ஆள், நூல்கடையில் நாலு பேரை வேலை வாங்குகிறவன்.

ஜட்கா வண்டியில் வரும்போது நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, அப்ப அந்தச் சாமியாரு?" எனக்கு நீ கேட்டது விளங்கியது. அந்தச் சாமியாரும் நொட்டாங்கைக்காரனாகத்தான் இருந்திருப்பான். முன்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், நொட்டாங்கையால் பழம் வாங்குகிறானே, இவன்தான் திருடன் என்று கண்டுபிடித்திருப்பார்கள். அவர்கள் சரியாகப் பார்த்தார்கள். நாம் தலைகீழாகப் பார்த்தோம். மச்சக்காரன் உன் பக்கம் என்று நீ நினைத்தாய், அவன் அன்றிலிருந்தே மூக்குப்பொடி பக்கம்.

இதைத்தான் எனக்கு எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் விளங்கவில்லை. அவன் உன்னைத் திருடன் என்றுதான் படம் எடுத்தான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உனக்கு வாய் திறந்தது. அப்படியானால் உன் வாயைத் திறந்தது யார்? அவன் இல்லை, அவனுக்கு உன்னைத் தெரியாது. நாம் ஊற்றிய தண்ணீரா? நனைந்த துணியா? பொய்யைப் பார்த்து வந்த தைரியம் பொய்யா? பொய் என்றால் நீ இத்தனை வருசம் பேசிய பேச்சு எங்கிருந்து வந்தது? நான் உடைத்த தேங்காயெல்லாம் யார் கணக்கில் போயிற்று? ராசகுமாரன், கப்பல் அண்ணன், விபூதி பூசிய புருசன், எல்லோரையும் இப்போது மனசில் பக்கம் மாற்றி நிறுத்திப் பார்க்கிறேன். நிற்கமாட்டேன் என்கிறார்கள். எனக்கு அவர்கள் நொட்டாங்கைக்காரர்கள்தான், செத்தாலும் அப்படித்தான் இருப்பார்கள். முத்துசாமி படித்தவர், அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் குழப்பமில்லை. நீ கட்டியதும் சரசு பேச்சை நிறுத்தினாள். உன் பெரியப்பன் கட்டியதும் நீ நிறுத்தினாய். அதைப் படுதாவுக்கு முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். உனக்காவது ஒரு கூடாரம் இருந்தது, இருட்டில் தப்பாகப் பார்த்து நிமிர்ந்துகொண்டாய். அவளுக்கு எது இருக்கிறது? இனி எந்தப் படம் வந்தாலும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நேராகத்தான் பார்க்கப்போகிறாள். நேராகப் பார்த்தால் அவள்தான் திருடி. அந்த மூக்குப்பொடி ஆளுக்கு அவளைவிட்டுப் பதில் சொல்லவைக்கவேண்டிய நீ, அவன் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி அவள் கையைக் கட்டியிருக்கிறாய். நீ பயந்துவிட்டாய், எனக்குத் தெரியும். அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு உனக்கும் சேர்த்துத்தான் என்று உன் தொடைக்கடியில் போன கை சொல்லிவிட்டது. பயப்படு, அதில் ஒன்றும் தப்பில்லை. பயத்தோடேயே அவிழ்த்துவிடு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நான் வாரேன். கட்டு அவிழ்ந்திருந்தால் உன் வீட்டில் சாப்பிடுவேன், நாலு நாள் இருப்பேன், காமாட்சியிடம் சண்டை போட மாட்டேன். கட்டு இருந்தால் வாசலிலேயே சரசுவைத் தூக்கிக்கொண்டு வெண்ணந்தூருக்குத் திரும்பிவிடுவேன், நீ போலீசைக் கூட்டி வந்தாலும் தரமாட்டேன். இங்கே அவள் எந்தக் கையால் வேண்டுமானாலும் தின்னட்டும்.

அப்படியானால் அம்மாவுக்கு யார்மேல்தான் மனத்தாங்கல் என்று நீ கேட்பாய். ஊரில் பாதிப்பேர்மேல் இருக்கிறது, உனக்குத் தெரிந்ததுதான். மூக்குப்பொடி ஆளைச் சாபம் விட்டாகிவிட்டது. மச்சக்காரனை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உன் பெரியப்பன் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை, இனியும் குடிக்கமாட்டேன், ஆனால் அவரை எனக்கு விளங்குகிறது. நொட்டாங்கைக்காரன் தறியில் உட்கார முடியாது, கஞ்சிக்கு இல்லாமல் போவான் என்று பயந்தார். கத்திக்கொண்டே கட்டினார். உன்னையும் விளங்குகிறது. விளங்காத ஆள் ஒருவர்தான்.

பெரியப்பன் முதல் தடவை கட்டிய காலையில், உங்கப்பன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினால் உன்னைத் தொடலாம். நான் உன்னை இந்தப் பக்கம் இழுக்கிறேன், பெரியப்பன் அந்தப் பக்கம் இழுக்கிறார், நீ எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாய். தறிச் சத்தம் நிற்கவே இல்லை. கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடித்ததில்லை, என்னைக் கைநீட்டி அடித்ததில்லை, கூடாரத்தில் உனக்கு நல்ல வார்த்தை சொன்னதும் அவர்தான். "விடுண்ணா" என்று ஒரு வார்த்தை. அண்ணனை எதிர்த்துச் சண்டை போடச் சொல்லவில்லை, ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை என்று அவர் சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை பதில் சொன்னார். "எழை ஒண்ணு அறுந்திருந்துச்சு, அதப் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

புருசன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். தலைக்கட்டு எழுத வந்த சர்க்கார் ஆளுக்குக்கூட, திருச்செங்கோட்டு மலை இருக்கிற திசையைக் கையால் காட்டினேன், அவன் புரிந்துகொண்டு எழுதிக்கொண்டான். வாயால் இன்றைக்கும் சொல்லமாட்டேன். கையால் எழுதலாமா கூடாதா என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் அர்த்தநாரி.